கை வைக்காத பணம்

நேயர்களுக்கு வணக்கம். எண்ணெய் விற்ற பணத்தை நார்வே நாடு கை வைக்காமல் சேர்த்துவைத்த கதை இது.

1968-ஆம் ஆண்டு மே மாதம். ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக்கியர் நார்வேயின் ஒஸ்லோ நகரில் வந்து இறங்குகிறார். பாஸ்ராக்காரர். எண்ணெய் இருக்கும் இடத்தைப் பாறையை வைத்துச் சொல்லும் நிலவியலாளர். மனைவி நார்வே நாட்டுப் பெண். மகனுக்கு மூளை முடக்குவாதம். அதற்கான சிகிச்சை அங்கேதான் கிடைக்கும் என்பதால், ஈராக்கில் இருந்த நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மனைவியின் ஊருக்கு ரயில் சாயங்காலம்தான். பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல், விசாரித்துக்கொண்டு தொழில்துறை அமைச்சகத்துக்குப் போனார். "இந்த நாட்டில் எந்தெந்த எண்ணெய்க் கம்பெனிகள் இருக்கின்றன? பட்டியல் கிடைத்தால் வேலைக்கு எழுதிப் போடுவேன்" என்று கேட்டார். அமைச்சகத்திலோ வடகடலில் துளை போட்ட கம்பெனிகள் அனுப்பிய விவரங்கள் குவிந்துகொண்டிருந்தன; படித்துப் பொருள் சொல்லத்தான் ஆள் போதவில்லை. வாசலுக்கு வந்த மனிதரை விடுவார்களா? அமைச்சகமே அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு, 1969 கிறிஸ்துமஸ் சமயத்தில், எகோஃபிஸ்க் என்ற இடத்தில் கடலுக்கடியில் பெரிய எண்ணெய் வயல் இருப்பது உறுதியானது. மீனும் கப்பலுமாகப் பிழைத்த நாட்டுக்குப் புதையல் கிடைத்த கதை அது.

புதையல் கிடைத்த வீடெல்லாம் வாழ்ந்ததில்லை. அதே வடகடல் கரையிலுள்ள நெதர்லாந்தில் 1959-இல் குரோனிங்கனில் எரிவாயு கிடைத்தது. அதை விற்ற வெளிநாட்டுப் பணம் நாட்டுக்குள் கொட்டவே, அவர்களுடைய கில்டர் நாணயத்தின் மதிப்பு ஏறியது. அதனால் அவர்கள் ஆலைகளில் செய்த பொருள்கள் வெளிநாட்டாருக்கு விலை கூடிப்போயின. ஆலைகள் நொடித்தன. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு 'டச்சு நோய்' என்று பெயர். பசிபிக் தீவான நவூருவின் கதை இன்னும் பரிதாபம். பாஸ்பேட் தோண்டி விற்ற பணத்தை ஒரு நிதியமாகவே சேர்த்தார்கள். மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். 1993-இல் லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குக்கூடப் பணம் போட்டார்கள். சில வாரங்களில் அது படுத்துவிட்டது. பாஸ்பேட்டும் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது.

நார்வேக்காரர்கள் முதல் நாளிலிருந்தே ஞானிகளாக இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எழுபதுகளில் அவர்களும் வரப்போகும் எண்ணெய்ப் பணத்தை நம்பி முன்கூட்டியே செலவு செய்தவர்கள்தான். 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது அடி விழுந்தது. அந்த ஆண்டே அரசாங்கமும் கவிழ்ந்தது. பட்ட பிறகுதான், எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்துவைக்கும் நிதிக்கான சட்டம் 1990-இல் வந்தது. சட்டம் வந்ததே தவிர, உண்டியல் ஆறு வருஷம் காலியாகவே கிடந்தது. பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால்தானே போடுவதற்கு? 1996 மே மாதம்தான் முதல் பணம் விழுந்தது. சுமார் 200 கோடி குரோனர்.

2024 கடைசியில் அதே உண்டியலில் இருந்தது சுமார் 19.7 லட்சம் கோடி குரோனர். அப்போது ஒரு குரோனர் நம் பணத்தில் ஏழெட்டு ரூபாய். நம் ஒன்றிய அரசின் ஓராண்டு பட்ஜெட்டைப் போல் மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையோ வெறும் 55 லட்சம்.

இப்படிப்பட்ட அரசு நிதிகளுக்குப் புத்தகத்தில் 'இறையாண்மைச் செல்வ நிதியம்' என்று எழுதுகிறார்கள். வாயில் நுழையாது. நார்வேக்காரர்களே சட்டப் பெயரை விட்டுவிட்டு 'எண்ணெய் நிதி' என்றுதான் சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

எண்ணெய்க் கம்பெனிகளின் லாபத்தில் 78 சதவீதம் வரி. அரசுக்கே நேரடியாகச் சொந்தமான வயல்களின் வருமானம் வேறு. எல்லாம் நிதிக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு குரோனர்கூட உள்நாட்டில் முதலீடு ஆவதில்லை, அத்தனையும் வெளிநாட்டில். டச்சு நோய்க்கு அவர்கள் கண்ட மருந்து இதுதான். பணம் ஊருக்குள் வந்தால்தானே விலைவாசியைக் கிளப்பும்?

வெளியே போன பணம் பல நாடுகளில், ஆயிரக்கணக்கான கம்பெனிகளில் பரவிக் கிடக்கிறது. கிட்டத்தட்ட எழுபது சதவீதம் பங்குகள், மீதி பெரும்பாலும் கடன் பத்திரங்கள், கொஞ்சம் கட்டடங்கள். லண்டனின் ரீஜண்ட் தெருக் கட்டடங்களில் கால்வாசி அவர்களுடையது. ஆப்பிள், மைக்ரோசாஃப்டிலும் பங்கு உண்டு, நம் ரிலையன்ஸ், இன்ஃபோசிஸிலும் உண்டு. உலகத்தில் பங்குச்சந்தைக்கு வந்த எல்லாக் கம்பெனிகளையும் ஒன்றாகக் கூட்டினால் அதில் சுமார் ஒன்றரை சதவீதம் இந்தச் சின்ன நாட்டுக்குச் சொந்தம். எதில் எவ்வளவு என்பதை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.

எடுப்பதற்கும் கணக்கு உண்டு. 2001-இல் ஒரு விதி வைத்தார்கள்: நிதியின் மதிப்பில் ஆண்டுக்குச் சராசரியாக 4 சதவீத அளவுக்குத்தான் பட்ஜெட்டுக்கு எடுக்கலாம். 2017-இல் அதையும் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். சராசரியாக முதலீடு ஈட்டித் தருவது அவ்வளவு என்று மதிப்பிட்டார்கள். அசலைத் தொடக் கூடாது. நம் குடியானவர் வீடுகளில், பசித்தாலும் விதைநெல்லைக் குத்த மாட்டார்கள். அங்கே அது அரசாங்கத்துக்கே விதி. இது சட்டம்கூட இல்லை, கட்சிகள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. எனக்கு இதுதான் பெரிய அதிசயம். நாளைக்குத் தேர்தல் என்றால், பெட்டியில் கிடக்கும் பணத்தைப் பார்த்துக்கொண்டு எந்தக் கட்சிக்கும் கை சும்மா இருக்காது.

மனம் பதறாமல் இருக்கும் வித்தையும் வேண்டும். 2007-இல், நிதியில் பங்குகளின் அளவை 40-இலிருந்து 60 சதவீதமாக உயர்த்துவது என்று முடிவெடுத்தார்கள். வாங்கத் தொடங்கிய சூட்டோடு 2008 வந்தது. அந்த ஒரே ஆண்டில் நிதி 23 சதவீதம் சரிந்தது. 63,300 கோடி குரோனர் போயிற்று. பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. அவர்களோ போட்ட திட்டப்படி, எல்லோரும் விற்கும் சந்தையில் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஆண்டு 25.6 சதவீதம் வருமானம். இன்று நிதியில் இருப்பதில் பாதிக்கு மேல் எண்ணெய் விற்ற காசல்ல, முதலீடு போட்ட குட்டி.

ஆனால் இந்தப் பணம் முழுக்கச் சுத்தமான பணமா? உக்ரைன் போரில் ஐரோப்பா எரிவாயுவுக்குத் தவித்த 2022-இல் மட்டும் ஒரு லட்சம் கோடி குரோனருக்கு மேல் நிதிக்குள் வந்து விழுந்தது. தங்கள் நாட்டிலோ 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்சாரக் கார். தான் விற்பதைத் தான் வாங்காத கடைக்காரர்!

உலகத்தில் ஒன்றரை சதவீதம் சொந்தம் என்றால் உலகத்தின் பாவத்திலும் பங்கு உண்டு. இந்த உறுத்தலில்தான் 2004-இல் நெறிமுறைக் குழு ஒன்றை அமைத்தார்கள். அது சந்தேகத்துக்கு இடமான கம்பெனிகளைக் கிளறிப் பார்க்கும். விலக்கலாமா என்று பரிந்துரை எழுதும். புகையிலைக் கம்பெனிகள், அணு ஆயுதப் பாகம் செய்வோர் எனப் பலரும் அப்படி வெளியே போனார்கள்.

அந்தப் பட்டியலில் நமக்குத் தெரிந்த பெயர்களும் உண்டு. 2007 நவம்பரில் நார்வே அரசு வேதாந்தா நிறுவனத்தையும், அதன் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட், மெட்ராஸ் அலுமினியம் ஆகியவற்றையும் நிதியிலிருந்து விலக்கியதாக அறிவித்தது. குழு ஆராய்ந்த இடங்களில் தூத்துக்குடி தாமிர ஆலையும் மேட்டூரும் இருந்தன. சுற்றுச்சூழலுக்குக் கடுமையான கேடு, மனித உரிமை மீறல்; இவற்றுக்குத் துணைபோகும் அபாயத்தை ஏற்க முடியாது என்பது காரணம். ஒஸ்லோவில் இப்படி எழுதிப் பத்தரை ஆண்டுகள் கழித்து, 2018 மே 22 அன்று, தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஆலையை நிரந்தரமாக மூடச் சொல்லிச் சீல் வைத்தார்கள்.

அவர்கள் பங்கை விற்றதால் ஆலையின் புகை ஒரு நாளாவது நின்றதா? இல்லை. ஒருவர் விற்றதை இன்னொருவர் வாங்கினார், அவ்வளவுதான். ஆனாலும் நம் ஊர்க்காரர்கள் மனு மேல் மனு கொடுத்துக்கொண்டிருந்த விஷயத்தை, பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு முதலீட்டாளர் பொதுவில் எழுதி வைத்தார். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கம்பெனியான கேட்டர்பில்லரை, காசாவிலும் மேற்குக் கரையிலும் அதன் இயந்திரங்களைப் பயன்படுத்திய விதத்தைக் காரணம் காட்டி விலக்கினார்கள். வாஷிங்டனில் கோபம் கிளம்பியது. இதே வேகத்தில் போனால் நிதி வைத்திருப்பதிலேயே பெரியவையான அமெரிக்கத் தொழில்நுட்பக் கம்பெனிகளையும் விற்க நேரலாம் என்ற பேச்சு எழுந்தது. நவம்பரில் நார்வே நாடாளுமன்றம் கூடி, விதிகளை மறுபடி ஆராய்ந்து முடிக்கும்வரை, நெறிமுறையின் பேரில் புதிதாக எந்தக் கம்பெனியையும் விலக்குவதை நிறுத்திவைக்க வாக்களித்தது. பணத்துக்கென்று போட்ட திட்டத்தை 2008 வீழ்ச்சியின்போதும் கைவிடாதவர்கள், மனசாட்சிக்கென்று எழுதிய விதியை இந்த முறை ஓரமாக எடுத்து வைத்துவிட்டார்கள்.

வணக்கம்.