ஐந்து குடம் போனது, மூன்று குடம் வந்தது

நடுவர் அவர்களே, தண்டையார்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். மற்ற வணக்கங்களை முன்னால் பேசியவர்களே சொல்லிவிட்டார்கள். எனக்கு எட்டு நிமிடம்தான்.

குடும்பத்தைத் தாங்குவது சம்பளமா, சம்பளமில்லாத உழைப்பா? தலைப்பு இது. நான் பேச வந்தது இரண்டாவது கட்சிக்கு. ஆனால் எதிரணித் தம்பி போகிற போக்கில் ஒரு குத்து விட்டார்: “வீட்ல சும்மா இருக்கிறதுக்கே மாசம் 1,000 ரூபா சம்பளம் வந்துடுச்சே!” நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசை அண்ணன் விசிலே அடித்தார். சரி, தலைப்பு கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். சும்மா இருப்பதைப் பற்றிப் பேசுவோம்.

2003-04இல் ஊரே லாரித் தண்ணீருக்கு நின்றது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலையே காலி பண்ணுகிற மனுஷன். அக்கா பிரசவத்துக்காக அம்மா ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருந்த அன்று, தண்ணீர் பிடிக்க அவரே கிளம்பினார். கையில் ஐந்து குடம்.

காலை நாலு மணிக்கு லாரி வந்தது. வரிசையில் நின்றிருந்தவை எல்லாம் குடங்கள். நின்ற ஒரே மனுஷன் நைனா. “வரிசையா வாங்கம்மா!” என்று அவர் நியாயம் பேசி முடிப்பதற்குள் ஓஸ் அந்தப் பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்தது மூன்று குடம். அதிலும் ஒன்று பாதி.

கணக்கு புரிந்ததா நடுவரே? ஐந்து போனது, மூன்று வந்தது.

சாயங்காலம் வந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “என் பச்சைக் குடம் எங்கய்யா?” கேட்டுவிட்டு இறங்கித் தெருவுக்குப் போனாள். பத்தே நிமிடம். காணாமல் போன இரண்டும் வந்தன. கூடவே எங்களுடையது அல்லாத ஒன்றும் வந்தது! ஐந்து போய், மூன்றாகி, அம்மா போனதும் ஆறு. அந்த ஆறாவது குடத்துக்குச் சொந்தக்காரர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் தயவுசெய்து பின்பக்கமாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பி, இதுதான் நீங்கள் சொன்ன ‘சும்மா’.

உங்களுக்குக் கணக்கு பிடிக்குமாமே, தருகிறேன். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண் அதற்குச் செலவிட்டது சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. அதில் மூச்சு விட்டிருப்பாள். ஆணுக்கு 97 நிமிடம். ‘பரவாயில்லையே’ என்று நிமிர்ந்து உட்காராதீர்கள் அண்ணா. வேலை செய்த ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட சராசரி அது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் வீட்டு வேலையைத் தொட்டவர்களே 26 சதவீதம்தான்.

அப்புறம் அந்த 1,000 ரூபாய். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கியது. பெயர் மகளிர் உரிமைத் தொகை. சம்பளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 33 ரூபாய். ஐந்து மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. தம்பி, ஏழு ரூபாய்க்கு நீங்கள் ஒரு மணி நேரம் பட்டிமன்றம் பேச வருவீர்களா?

பள்ளிக்கூடப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மாவைக் கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே, “சும்மாதான் இருக்கேன்னு எழுதுடா” என்றாள். எழுதிவிட்டேன் நடுவரே, என் கையாலேயே. தம்பி மீது எனக்கு எப்படிக் கோபம் வரும்?

இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. ஆனாலும் நாலு மணிக்கு எழுந்து, திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடுகிறாள். ஒருநாளாவது என் பேச்சைக் கேள் என்று இன்றைக்குக் கூப்பிட்டேன். “நீ போய்ட்டு வா, மாவு அரைக்கணும்” என்றாள்.

மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.