ஸ்வாப் ஆய்வகத்துக்கு வந்த பிறகு

பணி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம். பாலியல் வன்முறைப் பரிசோதனையில் நீங்கள் பஞ்சுக் குச்சியால் எடுத்து அனுப்பும் ஸ்வாப், தடய அறிவியல் ஆய்வகத்தில் என்ன பாடுபடுகிறது என்று இன்று பார்ப்போம்.

முதல் எதிரி ஈரம். எடுத்த கையோடு குழாயில் போட்டு மூடியை இறுக்கினால், உள்ளே பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகி டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். வெயிலும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். நிழலில் நன்றாக உலர்த்திக் காகித உறையில் போட்டு முத்திரை வையுங்கள். துணிகளுக்கும் தனித்தனிக் காகிதப் பை. பிளாஸ்டிக் கூடவே கூடாது.

எங்கள் மேசையில் முதலில், விந்தில் மிகுதியாக உள்ள ஆசிட் பாஸ்பேட்டேஸ் என்ற நொதிக்கான சோதனை. ஊதா நிறம் சட்டென்று வந்தால் விந்து இருக்கலாம். இருக்கலாம், அவ்வளவுதான், பெண்ணின் சுரப்பிலும் அந்த நொதி கொஞ்சம் உண்டு. அடுத்து பி30 பட்டை: விந்தில் உள்ள பி30 என்ற புரதம் இருந்தால் அதில் கோடு விழும். இதில் ஒரு பொறி: விந்து மிக அடர்த்தியாக இருந்தால் கோடே விழாமல் போகலாம். நீர்க்கச் செய்து மறுபடி பார்க்க வேண்டும். பிறகு நுண்ணோக்கி. கிறிஸ்துமஸ் ட்ரீ சாயத்தில் விந்தணுவின் தலை சிவப்பு, வால் பச்சை. வால் சீக்கிரம் உதிர்ந்துவிடுவதால் தலையைத்தான் தேடுகிறோம்.

ஸ்வாப்பில் பெரும்பகுதி அந்தப் பெண்ணின் செல்களே. அவற்றிலிருந்து விந்தணுவைப் பிரிக்கும் வழியை 1985இல் கில், ஜெஃப்ரீஸ், வெரெட் என்ற விஞ்ஞானிகள் மூவரும் வெளியிட்டார்கள். புரதத்தை உடைக்கும் புரோட்டினேஸ் கே நொதியைச் சேர்த்தால் பெண்ணின் செல்கள் உடையும். டைசல்பைடு பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் விந்தணுத் தலை உடையாது. சுழற்றி, அடியில் படிந்த தலைகளைக் கழுவிய பிறகுதான் அந்தப் பிணைப்புகளை அறுக்கும் டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்த்து உடைக்கிறோம். அரைகுறையாகக் கழுவினால் இருவர் டிஎன்ஏவும் கலந்து நிற்கும். அளவுக்கு மீறிக் கழுவினால் இருந்த சொற்பத் தலைகளும் போய்விடும்.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆணின் விந்தில் பொதுவாக விந்தணுவே இருக்காது. அப்போது ஆணின் ஒய் குரோமோசோமை மட்டும் பார்க்கும் ஒய்-எஸ்டிஆர் டிஎன்ஏ சோதனை கைகொடுக்கும். ஆனால் தந்தை, மகன், சகோதரர்களுக்குப் பொதுவாக ஒரே வடிவம் வருவதால், அதை வைத்து மட்டும் ஒருவரைச் சுட்ட முடியாது.

‘விந்தணு காணப்படவில்லை’ என்று நாங்கள் எழுதினால், வன்முறை நடக்கவில்லை என்று யாரும் படிக்கக் கூடாது. ஆணுறை, குளியல், கடந்துபோன நேரம் எல்லாமே தடயத்தைக் குறைக்கும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் 96 மணி நேரம் வரை ஸ்வாப் எடுக்கச் சொல்கிறது. குளித்துவிட்டார் என்று திருப்பி அனுப்பாதீர்கள். அவர் சம்மதத்தோடு எடுத்து, எத்தனை மணி நேரம் ஆனது, குளித்தாரா, மாதவிடாயா, ஆணுறையா என்பதைப் படிவத்தில் நிரப்புங்கள். இவை காலியாக வந்தால், எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று தெரியாமலேயே இருக்கிற கொஞ்ச மாதிரியையும் செலவழிக்க வேண்டியிருக்கிறது.