அழுக்கைப் பார்த்துவிட்டுத் துடையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். 31 வருஷம் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தியவன் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். வண்டியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை வீட்டிலேயே எடுப்பது எப்படி என்று பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

எந்த இடத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். டேங்கையும் சீட்டையும் எல்லாரும் துடைக்கிறோம். கியர் லீவருக்குப் பின்னால் செயின் உள்ளே போகிற மூடி, இன்ஜினுக்கு அடிப்பக்கம், பின் சக்கரத்தின் நடுவில் இருக்கிற டிரம், பெண்கள் சேலை சிக்காமல் இருக்க மாட்டிய கம்பிக்கு உள்பக்கம், இங்கேயெல்லாம் கருப்பாக, தார் மாதிரி ஒன்று அப்பியிருக்கும். பேண்ட் ஓரத்தில் பட்டால் அந்தப் பேண்ட் அதோடு வீட்டு வேலைக்குத்தான்.

அது வெறும் அழுக்கு இல்லை. பட்டறையில் வால்வு உட்காருகிற இடத்தைத் தேய்த்துச் சமன் செய்ய ஒரு பேஸ்ட் வைத்திருப்போம். அதில் இருப்பது என்ன? எண்ணெய்ப் பசையில் நறநறவென்று பொடி. இரும்பையே அரைக்கும். உங்கள் செயினில் இருப்பதும் கிட்டத்தட்ட அதேதான். செயினுக்கு விட்ட எண்ணெயில் ரோட்டு மணல் சேர்ந்துவிட்டது. வண்டி ஓட ஓட அது செயினையும் பல்சக்கரத்தையும் அரைத்துக்கொண்டே இருக்கும். இன்ஜினைச் சுற்றி இருக்கிற மடிப்புத் தகடுகள் காற்றில் சூடு ஆறுவதற்காக வைத்தவை. அதன் இடுக்கில் சேறும் எண்ணெயும் இறுகிப்போனால், கத்திரி வெயிலில் கம்பளி போர்த்தியது போலத்தான்.

சரி, வாளியைத் தூக்கி வந்துவிட்டீர்களா? கீழே வையுங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். துடைப்பதற்கு முன்னால் பாருங்கள்.

ஒரு தமிழ் வாத்தியார் என் பட்டறைக்கு வருவார். நூறு சிசி வண்டி. "தம்பி, ராத்திரி நிறுத்துனா காலையில தரையில ரூபாய்க் காசு அகலத்துக்கு எண்ணெய் கிடக்குப்பா" என்றார். குனிந்து பார்த்தேன். வண்டி பளபளவென்று இருக்கிறது. தேடிப் பார்த்தாலும் ஒரு பொட்டு எண்ணெய் கிடையாது. "என்ன சார், ஒண்ணுமே இல்லையே?" "கழுவிட்டுத்தானப்பா கொண்டுவந்தேன். அழுக்கு வண்டிய உங்கிட்ட நிறுத்துறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்காதா?"

அவருடைய பண்பு அப்படி. எனக்குத்தான் ஆபத்து. எண்ணெய் சொட்டுவது அடியில் என்றால், ஆயில் இறக்குகிற போல்ட்டில்தான் என்று நினைத்து அதன் வாஷரை மாற்றி அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தார். மறுபடியும் கழுவிய வண்டி. சரி, இன்ஜினின் இடது பக்க மூடியான மேக்னெட் கவரில், எண்ணெய் கசியாமல் இருக்க வைக்கிற கேஸ்கெட்டாக இருக்கும் என்று அதையும் பிரித்து மாற்றினேன். மூன்றாவது தடவையும் வந்தார். மூன்றாவது தடவையும் கழுவிக்கொண்டு! அன்றைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "சார், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்று சொல்லி, அடிப்பாகத்தை நன்றாக மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, காய வைத்து, பையனை அனுப்பி எதிர்க்கடையில் முகப் பவுடர் ஒரு டப்பா வாங்கிவரச் சொன்னேன். ஆமாம், முகத்துக்குப் போடுகிற பவுடர்தான். உள்ளங்கையில் கொட்டி, இன்ஜினின் இடது பக்கம் முழுக்க ஊதிவிட்டேன். கல்யாணப் பொண்ணு மாதிரி வெள்ளையாக நின்றது வண்டி. தெருவில் போகிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். நாலு தெரு சுற்றி வந்து ஸ்டாண்டு போட்டுப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு ஒன்று. நூல் கனம்தான் இருக்கும். கியர் லீவர் மாட்டுகிற தண்டு இன்ஜினை விட்டு வெளியே வருகிற இடத்தில் ஆரம்பித்து, கவரின் வளைவோடு இறங்கி, கடைசியில் அந்த போல்ட்டில் வந்து சொட்டாக நிற்கிறது. சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு.

போனது ஒரு ரப்பர் சீல். விலை டீ, வடைக்காசு. முதல் இரண்டு தடவை வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. கொடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், துடைப்பதற்கு முன்னால் பாருங்கள். பிசுக்கு காய்ந்து மண் அப்பியிருந்தால் பழைய அழுக்கு. ஈரமாக மினுங்கினால் எங்கிருந்தோ புதிதாக வருகிறது. அதன் மேல் விளிம்பு எங்கே என்று பாருங்கள். எண்ணெய் மேலே ஏறாது, கீழேதான் இறங்கும். ஓடும்போது காற்றில் பின்னுக்குத் தள்ளப்படும். அப்படியென்றால் ஊற்று மேலேயோ முன்னாலேயோ இருக்கிறது. செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் துடையுங்கள். மெக்கானிக்கிடம் காட்டலாம்.

இனி வேலைக்கு வருவோம். காலை நேரம், நிழல், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். நடு ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். சைலன்சர் வாயில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டுங்கள்.

முதலில் தண்ணீர் வேண்டாம். மீன் வறுத்த சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தால் என்ன ஆகும்? கையெல்லாம் பிசுபிசுக்கும், சட்டி அப்படியே இருக்கும். இங்கேயும் அதே கதைதான். மொத்தையாக இருப்பதை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அலுமினியத்தில் கோடு விழும். பிறகு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பழைய பெயிண்ட் பிரஷ். தடவிவிட்டு விலகி நில்லுங்கள். போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். தேய்க்கத் தேய்க்கப் போகாதது ஊறினால் தானாக வழியும். பத்து நிமிஷம் கழித்துப் பழைய பனியன் துணியால் வழித்து எடுங்கள்.

பெட்ரோலைப் போட்டால் சீக்கிரம் போகுமே என்பீர்கள். போகும். வீடும் சேர்ந்து போகும். பெட்ரோல் ஆவி உறைகிற குளிரில்கூடத் தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தரையாக நகர்ந்து அடுக்களை அடுப்பு வரைக்கும் போகும். மண்ணெண்ணெய் அவ்வளவு மோசமில்லை. சுமார் 38 டிகிரிக்கு மேல்தான் அதன் ஆவி தீப்பிடிக்கிற அளவுக்கு எழும். ஆனால் நம் ஊர் மே மாத மத்தியானம் 38 டிகிரியைத் தாண்டிவிடுகிறதே! அதனால்தான் காலை நேரம் என்றேன்.

பிரேக் இருக்கிற பக்கம் மட்டும் எண்ணெய்த் துணியைக் கொண்டுபோகாதீர்கள். முன் சக்கரத்து டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் வழுக்கும். டிரம்மை வெளியே துடைக்கலாம், இடுக்கில் ஊற்றக் கூடாது.

அப்புறம்தான் தண்ணீர். அரை வாளித் தண்ணீரில் தலைக்குப் போடுகிற ஷாம்பு ஒரு பாக்கெட். துணி துவைக்கிற பவுடர் வேண்டாம், அதில் இருக்கிற காரம் பெயிண்டையும் அலுமினியத்தையும் மங்கடிக்கும். குவளையில் மொண்டு ஊற்றினால் போதும். பீச்சியடிக்கிற பம்பை சக்கர நடுவிலும் ஹேண்டில் கழுத்திலும் காட்டினால், அழுக்கு வெளியே போகிறதோ இல்லையோ, தண்ணீர் பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கலைத்துவிடும். நாலு மாசம் கழித்து ஹேண்டில் கடகடவென்று ஆடுகிறது என்று என்னிடம் வருவார்கள். நான் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?

இப்போது சாவி. செயினைச் சுத்தம் செய்ய வண்டியை ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு, சக்கரம் சுற்றும்போது துணியைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கச் சுலபமாக இருக்கும். பல்சக்கரம் துணியை இழுக்கும், துணி விரலை இழுக்கும். என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவனுக்கு வலது கை நடுவிரலில் நகம் இருக்கிற பாகம் இன்றைக்கு இல்லை. அரை நொடி. சாவி உங்கள் பையில் இருக்கட்டும். நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றி, செயினின் கீழ் ஓட்டத்தில், பல்சக்கரத்துக்கு எட்டத்தில் பிரஷைப் பிடியுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். சாவி பையில். இதை இன்னொரு தடவைகூடச் சொல்வேன்.

காய்ந்த செயினுக்குக் கடையில் 90 நம்பர் கியர் ஆயில் கேட்டு வாங்கி, உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வழிகிறதைத் துடைத்துவிடுங்கள். இன்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை விடுவது வழக்கமாகிவிட்டது. அது கழித்துப்போட்ட அழுக்கு, அதை எடுத்து மறுபடியும்... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம்.

ரிம்முக்கும் ஸ்போக்ஸுக்கும் என்று குறித்துக்கொண்டு வந்ததை விட்டுவிடுகிறேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். அந்த மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கைக்கு: ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், ஒரு ஸ்பூன் சீனி, நகக்கண் வரைக்கும் தேய்த்துவிட்டு அப்புறம் சோப்பு. முதல் சவாரி தெருமுனை வரைக்கும் மெதுவாக, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துக்கொண்டே போய் வாருங்கள். சேலை ஓரத்தில் செயின் கறை பட்டிருந்தால் தண்ணீர் காட்டாமல் முதலில் அதன்மேல் பவுடரைக் கொட்டி ஒரு ராத்திரி வையுங்கள், எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்பு. அதே முகப் பவுடர்தான். வாத்தியாருக்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததை என் வீட்டுக்காரம்மா அப்படித்தான் தீர்த்தார். வணக்கம்.