வெளிய வர்றவங்க கையில ஒரே ஒரு பேப்பர்

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரையுது, பரவால்ல, நான் சத்தமாவே பேசிடறேன். லா காலேஜ் பசங்க நிறைய வந்திருக்கீங்க, பின்னாடி நம்ம சட்டத் தன்னார்வலர் அக்காங்களும் உக்காந்திருக்காங்க. ஜாமீன் எப்படி எடுக்கறது, அப்பீல் எப்படி போடறதுன்னு எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லாவே சொல்லிட்டாங்க, நான் அதுக்கப்புறம் நடக்கறத மட்டும் பேசறேன். ஜெயில் கேட்டைத் திறந்து ஆள வெளிய விட்டாச்சு, சரி, அப்புறம் தான் யாருன்னு காட்ட அவர் கையில என்ன பேப்பர் இருக்கு?

ஒரு கொத்தனார் அண்ணன். ஆறு வருஷம் உள்ள இருந்துட்டு ஒரு நாள் காலைல வெளிய வர்றாரு, ஒரு துணிப்பை, பஸ் காசு, விடுதலைன்னு சீல் வச்ச ஒரு பேப்பர், அவ்ளோதான் அவர் கையில. சாயங்காலம் ஊருக்குப் போய் இறங்கின உடனே பஸ் ஸ்டாண்ட்லயே அந்தப் பேப்பர கிழிச்சுப் போட்டுட்டாரு. ஏண்ணே கிழிச்சீங்கன்னு நான் பின்னாடி கேட்டப்போ, "வீட்ல புள்ளைங்க கண்ணுல பட்டுடும்ல சார்"ன்னாரு. எனக்கு அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியல. அவர் பேர் போட்டு, தேதி போட்டு அவர்கிட்ட இருந்த ஒரே பேப்பர் அதுதான், அதத்தான் அவரால யார்கிட்டயும் காட்ட முடியல.

சரி, பழைய ஆதார் கார்டு எங்கன்னு கேட்டா, கைது பண்ணப்ப பர்ஸுல இருந்துச்சாம். பர்ஸும் போனும் கேஸ் சொத்தா போயிடுச்சு. கேஸ் நடக்கும்போதே மனு போட்டு திருப்பி வாங்கலாம், அதுக்கு செக்ஷன் இருக்கு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சிஆர்பிசில 451, அதுக்குப் பதிலா இப்ப வந்திருக்கற பிஎன்எஸ்எஸ்ல 497, பசங்க நோட் பண்ணிக்கோங்க. ஆனா நாம என்ன பண்றோம், ஜாமீன் மனு எழுதற ஜோர்ல இத மறந்துடறோம், வக்கீலும் மறந்துடறாரு, அந்தப் பர்ஸு எங்கயோ ஒரு மூட்டைக்குள்ள கிடக்கு.

அப்புறம் அந்த செல் நம்பர். ஆறு வருஷமா ரீசார்ஜ் பண்ணாம கிடந்தா அது அவர் நம்பரா இருக்குமா, எப்பவோ வேற யார் கைக்கோ போயிருக்கும். ஆதார டவுன்லோட் பண்ண ஓடிபி வேணும், ஓடிபி வர நம்பர் வேணும், நம்பருக்கு சிம் வாங்கப் போனா கடைக்காரர் ஆதார் கேக்கறாரு. இந்த வட்டத்துக்குள்ளயே ஒரு மாசம் சுத்தியிருக்காரு மனுஷன். சித்தாள் வேலைக்குப் போனாக்கூட மேஸ்திரி ஜெராக்ஸ் கேக்கறாரு, கூலிய பேங்க்ல போடணும்னு.

இங்கதான் எல்லாரும் பண்ற ஒரு தப்பு இருக்கு. கார்டு தொலைஞ்சிடுச்சா, புதுசா எடுத்துக்கலாம்னு கூட்டிட்டுப் போய் உக்கார வச்சிடறாங்க. ஏற்கனவே ஆதார் எடுத்தவருக்கு திரும்ப எடுத்தா, கைரேகை ஒத்துப்போகுதுன்னு அது ரிஜெக்ட்தான் ஆகும், வாரக்கணக்குல காத்திருந்ததுதான் மிச்சம். அவருக்கு வேண்டியது புது ஆதார் இல்ல, பழைய நம்பர கண்டுபிடிக்கறது. அதுக்கு ஆதார் ஹெல்ப்லைன் நம்பர் 1947க்கு போன் போடலாம், இல்ல ஆதார் சென்டருக்கே போய் பேர், ஊர் விவரத்தோட ரேகைய வச்சு தேடச் சொல்லலாம். அப்படியே கையோட செல் நம்பரயும் மாத்திடுங்க, அதுக்கு எந்த டாக்குமென்ட்டும் தேவையில்ல, ஆள் நேர்ல போனா போதும். சிம் இல்லன்னா வீட்ல அம்மா நம்பரக் குடுங்க, ஒரே நம்பர்ல ரெண்டு மூணு பேர் ஆதார இணைக்கலாம். மச்சான் நம்பர் மட்டும் வேணாம், சண்டை வந்தா ஓடிபி வராது, நான் பாத்துட்டேன்.

நம்ம கொத்தனாருக்கு ரேகையும் விழல. சிமெண்ட்டுல வேலை பாத்த கை, தேய்ஞ்சு போயிருக்கு. அந்த சென்டர்ல இருந்த பையன் மூணு தடவை வச்சுப் பாத்துட்டு வரலங்கன்னு அனுப்பிட்டான். கண்ணுல எடுக்கச் சொல்லி கேக்கலாம்னு அவருக்கு யார் சொல்லுவா? நாமதான் கூடப் போகணும். அடுத்த தடவை கண்ணு வழியா வந்துடுச்சு, பத்து நிமிஷம்.

சரி, இதுக்கெல்லாம் ஏன் ஆள் வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்கோம்? உள்ள இருக்கும்போதே ஆதார் எடுக்கலாம், திருத்தலாம். ஈ-பிரிசன்ஸ்னு ஜெயில்ல ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் இருக்கு, உள்ள வந்த அன்னிக்கு அதுல பதியற விவரத்த பிரிண்ட் எடுத்து ஜெயில் ஆபீசர் கையெழுத்து சீல் போட்டா அதையே ஆதாருக்கு ஆதாரமா ஏத்துக்கறாங்க. முகவரி என்ன போடறாங்கன்னு மட்டும் பக்கத்துல நின்னு பாருங்க, கார்டுல ஜெயில் அட்ரஸ் இருந்தா அது அந்தக் கிழிச்ச பேப்பர் மாதிரியே ஆகிடும். வீட்ல ஒருத்தர் குடும்பத் தலைவரா வந்து ரேகை வச்சா வீட்டு அட்ரஸே போடலாம்.

விடுதலைக்கு மூணு மாசம் முன்னாடி ஆரம்பிக்கலாம்னு சில பேர் சொல்றாங்க. தண்டனைக் கைதிக்கு அது சரி, அவருக்கு தேதி தெரியும். ஆனா 2022 கடைசில நாடு முழுக்க ஜெயில்ல இருந்த 5,73,220 பேர்ல 4,34,302 பேர் விசாரணைக் கைதிங்க, அதாவது நாலு பேர்ல மூணு பேர். அவங்களுக்கு ஜாமீன் இன்னிக்கு சாயங்காலம் வருமா அடுத்த வருஷம் வருமான்னு யாருக்கும் தெரியாது, வந்தா அன்னிக்கே கிளம்பிடுவாங்க. அதனால என் கணக்குல, இந்த வேலைய உள்ள போன முதல் வாரமே ஆரம்பிக்கணும். ஜெயிலுக்குள்ள இலவச சட்ட உதவிக்குப் போற நீங்க, என்ன கேஸுன்னு கேட்ட கையோட ஆதார் இருக்கா, பர்ஸு எங்க இருக்கு, எந்த நம்பருன்னு இந்த மூணையும் எழுதிக்கோங்க. காவல்ல இருக்கறவருக்கு இலவச சட்ட உதவி 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்துலயே, பிரிவு 12ல இருக்கு, அதுல இதெல்லாம் வராதுன்னு யாரும் எழுதி வைக்கல.

ஓட்டு பத்தி ஒருத்தர் சீட்டு அனுப்பியிருக்காரு. உள்ள இருக்கும்போது ஓட்டு போட முடியாது, ஆனா அதுக்காக பேர் லிஸ்ட்ல இருந்து போகக்கூடாது. நிஜத்துல, ஆள் வீட்ல இல்லன்னு எடுத்துடுவாங்க, அப்ப திரும்ப பேர் சேக்க ஃபார்ம் 6 குடுக்கணும். ரேஷன் கார்டும் கிட்டத்தட்ட அதே கதை, பேர் எடுத்திருந்தா ஆதார் வந்ததும் சேத்துக்கலாம். டிரைவரா இருந்தவங்களுக்குத்தான் பாவம், லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிட்டா மறுபடி வண்டி ஓட்டிக் காட்டணும்.

சரி, நேரம் ஆயிடுச்சு, கையக் காட்டறாங்க. கொத்தனார் அண்ணனுக்கு ஆதார் வந்துடுச்சு, பேங்க் கணக்கு இன்னும் பாக்கி, வர்ற திங்கக்கிழமை அவர கூட்டிட்டுப் போகணும். அவர் ஊர்ல இருந்து பேங்க்குக்கு பஸ் கிடையாது. பைக் வச்சிருக்கறவங்க யாராவது ஒருத்தர் முடிஞ்சதும் என்னப் பாருங்கப்பா, லைசென்ஸோட.