சிறிய உழவு இயந்திரத்துக்குக் கபின் வேண்டுமா?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். மாரி மழையோடு செய்யும் காலபோக நெற்செய்கைக்கு நிலத்தைத் தயார்படுத்தும் இந்த நாட்களில், புதிதாகச் சிறிய நான்கு சில்லு உழவு இயந்திரம் ஒன்றை வாங்க எண்ணுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வியையே இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்னர் எந்தக் கம்பனி, எத்தனை குதிரைவலு என்றுதான் கேட்பார்கள். இப்போது நாற்புறமும் கண்ணாடி அடைத்துக் குளிரூட்டி பொருத்திய கபினோடு எடுப்பதா, மேலே கூரை மட்டும் உள்ளதை எடுப்பதா என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ, அங்கே 25, 30 குதிரைவலு இயந்திரங்கள்கூடக் கபினோடு ஓடுவதைக் கண்டு, "தம்பி, உடம்பைப் பார், மிச்சக் காசை நான் அனுப்புகிறேன்" என்று சொல்லும் குடும்பங்கள் வன்னியில் பல உண்டு. அந்த அக்கறை பெரியது. ஆனால் அங்கே சிறிய இயந்திரத்துக்குக் கபின் தேவைப்படுவதற்குக் குளிரும், பனி அள்ளும் வேலையும் பெரிய காரணங்கள். நமக்கோ வெயிலும் புழுதியும் சேறும்தான் நாளாந்தப் பாடு. ஆகவே அவர்களுடைய முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் புழுதியைப் பார்ப்போம், ஏனென்றால் கபினின் மெய்யான பயன் அங்கேதான் இருக்கிறது. மழைக்கு முன்னர் புழுதியில் விதைக்கும் மானாவாரி வயல்களை உழுதவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சோளகம் வீசும் நாளில் காற்று அடிக்கும் திசையிலேயே உழுது போனால், கிளப்பிய புழுதி முழுவதும் முதுகுக்குப் பின்னால் தொடர்ந்து வந்து சாரதியை மூடிவிடும். நல்ல கபின் ஒன்றில் விசிறியானது வெளிக்காற்றை வடிகட்டி வழியாக உள்ளே இழுத்து, உள்ளிருக்கும் காற்றழுத்தத்தை வெளியே உள்ளதைவிடச் சற்றுக் கூட்டி வைத்திருக்கும். அதனால் கதவிடுக்குகள் வழியாகக் காற்று வெளியே போகுமே தவிரத் தூசி உள்ளே வராது. வடிகட்டி அடைத்துக்கொண்டால் இந்த அழுத்தம் இல்லாமற் போகும். பிறகு கண்ணாடி இருந்தும் பயன் குறைவு. புழுதி உழவுக் காலத்தில் அந்த வடிகட்டியை ஒவ்வொரு நாளும் கழற்றித் தட்ட மனமில்லாதவர் கபினுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. திறந்த இயந்திரம் வைத்திருப்பவர்கள் காற்றுக்குக் குறுக்காக உழுதால், புழுதி பக்கவாட்டில் போய்விடும். வயலின் நீளம் இடங்கொடுக்கும் இடங்களில் இதைச் செய்து பாருங்கள். செலவு எதுவும் இல்லை.

அடுத்தது சத்தம். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புழுதியைக் கண்ணால் காண்கிறோம், நெல்லின் சுணை பட்டால் உடம்பு கடிக்கிறது, ஆனால் காது கெடுவதை யாரும் காண்பதில்லை. முரசுமோட்டைப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களில், மசி பெர்குசன் 35 உழவு இயந்திரம் ஒன்றை வாழ்நாள் முழுவதும் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு அவர் சாரதி அண்ணை. பகலில் உழவு, அறுவடைக் காலத்தில் இரவிரவாகச் சூடு மிதிப்பு. அறுவடை இயந்திரம் வராத அந்தக் காலத்தில், களத்தில் பரப்பிய கதிர்களின் மேல் உழவு இயந்திரம் விடியும்வரை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். புகைக்குழாய் அவருக்கு முன்னால், கூரை இல்லை, காதுக்கு எந்த மறைப்பும் இல்லை. தூரத்தில் வரும் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே அது யாருடையது, அதில் என்ன பழுது என்று சொல்லக்கூடியவர் அவர். நாளடைவில் இடது காதுதான் முதலில் மந்தமானது. அதற்கு ஒரு காரணம் உண்டு. கலப்பையைப் பார்ப்பதற்காகச் சாரதி வலது தோளுக்கு மேலாகத் திரும்பியே நெடுநேரம் இருப்பார். அப்போது இடது காது எஞ்சினையும் புகைக்குழாயையும் நேரே பார்க்கும். உழவு இயந்திரச் சாரதிகள் பலருக்கு இடது காது கூடுதலாகக் கெடுவதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். பின்னாளில் சாரதி அண்ணையிடம் ஓர் இயந்திரத்தைக் கொண்டுபோனால், அவர் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்து, அதன் அதிர்வைக் கொண்டே பழுதைத் தேடுவார். பேரப்பிள்ளைகள் பேசுவதைக் கேட்க அவருக்கு அப்படி ஒரு வழியும் இருக்கவில்லை.

கணக்கு இதுதான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்வரை வேலை செய்யலாம் என்பது தொழில்சார் சுகாதாரத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணித்தியாலம், 91 என்றால் 2, 94 என்றால் ஒன்று. திறந்த இயந்திரம் சுமையோடு உழும்போது சாரதியின் காதருகே 90ஐத் தாண்டுவது சாதாரணம். நல்ல முறையில் மூடிய கபின் இதை 85க்குக் கீழே கொண்டுவரக்கூடும். ஆனால், நேயர்களே, காதை முழுவதும் மூடும் காதுறை ஒன்றும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்; அதன் விலையையும் கபினின் விலையையும் ஒரே மூச்சில் பேச முடியாது. கபின் வாங்காதவர் காதுறை வாங்க வேண்டும். திறந்த இயந்திரம் ஓட்டும் ஒவ்வொருவரும் வாங்க வேண்டும்.

வெயிலைப் பொறுத்தவரை, கபின் தானாகக் குளிர்ச்சி தருவதில்லை. குளிரூட்டி வேலை செய்யாத கபின், கீழே எஞ்சின் சூடும் மேலே சூரிய வெப்பமும் சேர்ந்து, வெளியே நிற்பதைவிட மோசமாகிவிடும். அப்போது சாரதி கதவைத் திறந்து வைப்பார், புழுதி உள்ளே வரும். பிறகு கதவையே கழற்றி வீட்டில் சாத்திவிடுவார்கள். கபின் எடுக்கிறவர், வாகனக் குளிரூட்டி திருத்துபவர் அருகில் யார் இருக்கிறார், உடைந்தால் கண்ணாடி எத்தனை நாளில் வரும் என்பதை முகவரிடம் வாங்குவதற்கு முன்னரே கேட்க வேண்டும். உழவு தொடங்கிய பின்னர் பின்கண்ணாடி கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருப்பது பெரிய இழப்பு. பின்கண்ணாடியைத் திறந்து வைத்தபடி சுழல் கலப்பையை மேலே தூக்கினால், சில இயந்திரங்களில் அது கண்ணாடியில் தட்டி நொறுக்கிவிடும் என்பதையும் சாரதிக்குச் சொல்லி வையுங்கள். குளிரூட்டி எஞ்சினின் வலுவில் சிறிது பங்கை எடுத்துக்கொள்ளும். 50 குதிரைவலுவில் அது தெரியாது, 25இல் சுழல் கலப்பையை ஓட்டும்போது தெரியும். வெயிலை நான் இலேசாகச் சொல்லவில்லை. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளையும் பாதித்திருக்கும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய்க்கு, கடும் வெப்பத்தில் போதிய நீர் அருந்தாமல் உழைப்பதும் ஒரு காரணியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கபின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர்ப் போத்தல் இயந்திரத்தில் இருக்கட்டும்.

சேற்று உழவுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அங்கே புழுதி இல்லை. கபின் சில நூறு கிலோ பாரத்தை மேலே ஏற்றுகிறது. முருங்கன் பக்கத்துக் கருங்களி போன்ற மண்ணில் சில்லு புதையும்போது அந்தப் பாரம் நன்மை செய்யாது. வரம்பு வெட்ட, வாய்க்கால் அடைக்க, கலப்பையில் சிக்கிய வைக்கோலை எடுக்க என்று சாரதி சேற்றுக் காலோடு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். வேலியோரத்துப் பாலை மரக் கிளைகளும், வளவுக்குள் மா, கஜு மரங்களும், தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகளும் உயரமான கபினுக்கு இடைஞ்சல். காட்டோர வயல்களில் மாலை மங்கும் நேரத்தில் யானை கிளை முறிக்கும் சத்தமும், அயல் வயற்காரர் கூப்பிடும் குரலும் காதில் விழ வேண்டும் என்பது முல்லைத்தீவு, வவுனியா வடக்கு நேயர்களுக்குத் தெரிந்ததுதான்.

இப்போது எனக்கு மிக முக்கியமானதைச் சொல்கிறேன். கபின் வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் காப்புச் சட்டம் வேண்டாம் என்று முடிவு செய்யாதீர்கள். காப்புச் சட்டம் என்பது, இருக்கைக்குப் பின்னால் எழுந்து நிற்கும், இயந்திரம் கவிழ்ந்தால் சாரதி நசுங்காமல் இடம் காத்துக் கொடுக்கும் இரும்பு வளைவு. நிறுவனமே பொருத்தித் தரும் தரமான கபினுக்குள் இந்தச் சட்டம் அடங்கியிருக்கும். சுவீடன் 1959ஆம் ஆண்டிலேயே புதிய உழவு இயந்திரங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அதன் பின்னர் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை மிகவும் குறைந்தது. நம்மிடையே நடப்பது என்ன? சேற்றில் புதைந்த பின்சில்லுகளுக்குக் குறுக்கே ஒரு மரக்குற்றியைக் கட்டி, முன்னோக்கி முறுக்குகிறோம். சில்லு சுழல முடியாதபோது எஞ்சினின் விசை இயந்திரத்தின் முன்பக்கத்தையே மேலே தூக்கும். ஒன்றரை வினாடிக்குள் அது பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும், குதிக்க நேரம் கிடையாது. புதைந்தால் பின்னோக்கி எடுக்கப் பாருங்கள், அல்லது இன்னோர் இயந்திரத்தைக் கொண்டு இழுப்பியுங்கள். குளக்கட்டு ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் பக்கவாட்டில் சரிவதும் உண்டு.

காப்புச் சட்டம் இருக்கும் இயந்திரத்தில் ஆசனப் பட்டியை அணிய வேண்டும். அணியாவிட்டால் கவிழும்போது அந்தச் சட்டத்தின் கீழேயே சாரதி எறியப்படலாம். சட்டம் இல்லாத பழைய இயந்திரத்தில் பட்டியைக் கட்டக் கூடாது. நிழலுக்காக இரும்பு ஒட்டு வேலைக் கடையில் கூரை செய்விக்கிறவர்கள், அந்தச் சட்டத்தில் துளையிடவோ ஒட்டு வைக்கவோ விடாதீர்கள், அதன் வலிமை கெட்டுவிடும். இரும்புப் பட்டி வைத்து இறுக்கிப் பூட்டும் கூரையே போதும். கடையில் செய்த தகரக் கூரையும், துணியாலோ பிளாஸ்திக்கினாலோ மூடிய கூடும் காப்புச் சட்டம் ஆகா. திரும்பவும் சொல்கிறேன்: மழையை மறைப்பது வேறு, இயந்திரத்தின் பாரத்தைத் தாங்குவது வேறு.

அப்படியானால் எப்படி முடிவெடுப்பது? ஒரு கொப்பியில் உங்கள் இயந்திரத்தின் ஒரு வருட வேலையை எழுதுங்கள். புழுதியில் எத்தனை மணித்தியாலம், சேற்றில் எத்தனை, பாரம் ஏற்றும் பெட்டியை இழுத்துக் கிரவல் வீதியில் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். சொந்த வயல் ஐந்தாறு ஏக்கரும் அயலாருக்குக் கொஞ்சமும் என்றால், புழுதி வேலை சில நாட்களில் முடிந்துவிடும். காப்புச் சட்டம், நல்ல கூரை, காதுறை, முகக்கவசம் ஆகியவற்றோடு திறந்த இயந்திரமே பொருத்தமானது, மிச்சக் காசில் சுழல் கலப்பையோ பெட்டியோ வாங்கலாம். கூலிக்கு ஊரூராக உழுது, அறுவடைக்குப் பின்னர் வைக்கோற் கட்டும் இயந்திரத்தையும் இழுத்து, வருடத்தின் பெரும்பகுதியை வறண்ட நிலத்தில் கழிப்பவருக்குக் கபின் வீண் செலவு அல்ல. பெரும்பாலான இயந்திரங்களில் கபினைப் பின்னர் சேர்ப்பது இலேசல்ல, ஆகவே இதை வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: வாங்குகிறவர் ஒருவர், நாள் முழுவதும் அதில் இருப்பவர் இன்னொருவர் என்றால், அந்தச் சாரதியிடமும் ஒரு சொல் கேளுங்கள். அவருடைய காதும் நுரையீரலும்தான் அங்கே இருக்கப்போகின்றன.

நேரம் முடிகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். மருந்து அடிப்பது பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பியத் தரத்தில் கபின்கள் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன, அவற்றில் நான்காவது வகை மட்டுமே மருந்தின் ஆவியையும் தடுக்கும். சாதாரண வடிகட்டி தூசிக்கு மட்டுமே, ஆகவே கபினை நம்பிக் கவசம் இல்லாமல் மருந்து அடிக்காதீர்கள், மருந்து பட்ட உடுப்போடு உள்ளே ஏறவும் வேண்டாம். ஜப்பானில் பாவித்த சிறிய இயந்திரத்தைக் கபினோடு வாங்குகிறவர்கள், நண்பகலில் குளிரூட்டியை அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள், கபினைத் தாங்கும் அடித்தளத்தில் துரு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், காப்புச் சட்டத்தின் சான்றுத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வணக்கம்.