ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் டிமென்ஷியாவைப் பற்றிக் கேளுங்கள்

சம்பளம் கிடையாது. லீவு கிடையாது. ராத்திரியும் வேலை உண்டு. இப்படி ஒரு வேலையைக் கோடிக்கணக்கான பேர் செய்துகொண்டிருக்கிறார்கள்: வீட்டில் டிமென்ஷியா வந்த ஒருவரைப் பார்த்துக்கொள்வது.

டிமென்ஷியா வயதானால் வரும் சாதாரண மறதி இல்லை, மூளையைப் பாதிக்கும் நோய்களால் வருவது. அதில் அல்சைமர்தான் அதிகம். 2021-ல் உலகத்தில் 5.7 கோடி பேருக்கு டிமென்ஷியா இருந்தது. சரி, பணத்துக்கு வருவோம்.

[திரையில்: 1.3 லட்சம் கோடி டாலர்]

2019-ல் டிமென்ஷியாவுக்கு உலகம் கொடுத்த விலை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் தொகை இது. இதில் ஏறக்குறைய பாதி எந்த அரசும் கொடுத்ததல்ல. குடும்பத்தார் சும்மா செய்த உழைப்பின் மதிப்பு. சராசரியாக நாளுக்கு ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். இந்த வீடியோவே இதைச் சொல்லத்தான். 1995-லேயே அங்கே பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடு வந்துவிட்டது. வீட்டிலேயே பார்த்துக்கொண்டாலும் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? நிமிடக் கணக்கில்! குளிப்பாட்ட எத்தனை நிமிடம், உடை மாற்ற எத்தனை நிமிடம், ஊட்டிவிட எத்தனை நிமிடம். உதவித்தொகையின் முதல் நிலைக்குள் வரவே நாளுக்கு 90 நிமிட உதவி தேவைப்பட வேண்டும், அதில் பாதிக்கு மேல் இப்படி உடம்பு சார்ந்ததாக இருக்க வேண்டும்.

டிமென்ஷியா வந்தவரை அங்கே நிறுத்திப் பாருங்கள். நடப்பார், சாப்பிடுவார், சட்டை பட்டனைக்கூடத் தானே போட்டுக்கொள்வார். ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார். நடுராத்திரி கதவைத் திறந்துகொண்டு “வேலைக்கு நேரமாச்சு” என்று கிளம்புவார். பார்த்துக்கொள்கிற மகளால் கண்ணை மூட முடியாது. “கண் வைத்திருப்பது” எத்தனை நிமிடம்? அதற்கு அந்தப் படிவத்தில் சரியான கட்டமே இல்லை. நடுவில் சின்னச் சின்னச் சலுகைகள் வந்தன. அப்புறம் 2017-ல்தான் நிமிடக் கணக்கை மொத்தமாகத் தூக்கிப் போட்டார்கள். இவருக்குத் தானாக என்ன முடிகிறது, நினைவும் நடத்தையும் எப்படி இருக்கின்றன என்று ஐந்து நிலைகளாகப் பார்க்கிறார்கள். சட்டத்தை மாற்றியது நாடாளுமன்றம், அதாவது கட்சிகள். அதனால்தான் கட்சிகளைக் கேட்கச் சொல்கிறேன்.

“மருந்து வரட்டும்” என்பார்கள். லெகனமாப் போன்ற புது மருந்துகள் ஆரம்பக் கட்ட அல்சைமரின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன, அவ்வளவுதான். போன நினைவு திரும்பாது. இன்று ராத்திரி கதவருகே ஆள் வேண்டுமே?

வெறும் திட்டமும் போதாது. 2025-க்குள் முக்கால்வாசி நாடுகளில் தேசியத் திட்டம் இருக்கும் என்று 2017-ல் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. அது நடக்கவில்லை, கெடுவை 2031-க்குத் தள்ளிவிட்டார்கள்.

ஆகவே தேர்தல் அறிக்கையைக் கையில் எடுங்கள். டிமென்ஷியா என்ற சொல் இருக்கிறதா? பக்கத்தில் ஒரு தொகை இருக்கிறதா? பகல் பராமரிப்பு மையங்கள், பார்த்துக்கொள்கிறவர் சில நாள் ஓய்வெடுக்க மாற்று ஆள், அவருக்கு மாத உதவித்தொகை: இந்த மூன்றுக்கும் எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று வேட்பாளரிடம் நேராகக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று கமெண்டில் எழுதுங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் அடுத்த வீடியோவில் படித்துக் காட்டுகிறேன்.