மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம்

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், தேயிலைக் கொழுந்து எடை போட்ட கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கும், பக்கத்து ஹட்டிக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கும், முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

கல்லூரிக்கான தயாரிப்பை ஒன்பதாம் வகுப்பில் தொடங்க வேண்டுமா, பிளஸ் டூ முடித்த பிறகு தொடங்கினால் போதுமா என்பதுதான் கோத்தகிரியில் இன்று நமக்குத் தந்திருக்கும் தலைப்பு. நான் ஒன்பதாம் வகுப்பு அணி. அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

எதிரணித் தலைவர் பேசும்போது, "பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில் கல்லூரியைத் தூக்கி வைக்காதீர்கள், விளையாடட்டும்" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். விடிகாலை டியூஷனையும் ஞாயிற்றுக்கிழமை கோச்சிங்கையும் மனதில் வைத்து அவர் பேசினார். அவற்றை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு நானும் கேட்க மாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளையின் படிப்பில் சில முடிவுகளை நாம் ஒன்பதிலும் பத்திலும் எடுத்துவிடுகிறோம். அந்த முடிவு எந்தப் படிப்புக்கு வழி விடும், எதை அடைத்துவிடும் என்று தெரிந்துகொண்டு எடுப்போம். விவரம் தெரிந்தால் பாரம் குறையும் அய்யா, ஏறாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்த அரங்கில் பல வீடுகளில் நடப்பதுதான். எட்டாம் வகுப்பு வரை பக்கத்து அரசுப் பள்ளியில் படித்த பெண். நன்றாகப் படிக்கிறாள், டாக்டராக வேண்டும் என்கிறாள். பெற்றோர் நகையை அடகு வைத்து, ஒன்பதாம் வகுப்பில் மலைக்குக் கீழே ஒரு பெரிய தனியார் பள்ளியில் ஹாஸ்டலோடு சேர்க்கிறார்கள். அவளுடைய மருத்துவக் கனவுக்காகத்தான் சேர்க்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால்தான் அது கிடைக்கும். ஒன்பதில் பள்ளி மாற்றிய அன்றே அந்த உரிமை கைவிட்டுப் போய்விட்டது. அடுத்த ஆண்டு, 2021இல், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இதே 7.5 சதவீதம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதுவும் சேர்ந்தே போய்விட்டது. நான்கு வருடம் கழித்து, நீட் மதிப்பெண் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு அந்த ஒதுக்கீடு கிடையாதா சார்?" என்று ஒரு அப்பா கேட்கும்போது நான் என்ன பதில் சொல்வது?

தனியார் பள்ளியில் சேர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. என்ன கிடைக்கிறது, எதை விடுகிறோம் என்று தெரிந்து சேருங்கள். அரசு உதவி பெறும் பள்ளிக்கு இந்த 7.5 சதவீதம் பொருந்தாது, அதையும் நினைவில் வையுங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்த பிள்ளை, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் இந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எங்கே படிப்பது என்ற கேள்வி பிளஸ் டூ முடியும் வரை காத்திருக்குமா? எதிரணி பதில் சொல்லட்டும்.

அடுத்து குரூப். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பிளஸ் ஒன் சேர்க்கையில் நடக்கும் அவசரத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். "கூட்டாளி எடுத்தான், நானும் எடுத்தேன்." "இந்தப் பள்ளியில் இந்த குரூப்தான் சார் இருந்தது." மலையில் இரண்டாவது பதில்தான் அதிகம். சின்னப் பள்ளிகளில் எல்லா குரூப்பும் இருக்காது. வேண்டிய குரூப் அடுத்த ஊர்ப் பள்ளியில் இருக்கும். அங்கே போக பஸ் உண்டா, தங்க விடுதி உண்டா என்று பார்க்க அவகாசம் வேண்டாமா? கணக்கு இல்லாமல் உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளை பொறியியல் கலந்தாய்வுக்குப் போக முடியாது. அங்கே கட்ஆஃப் என்பதே கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. வணிகவியல் எடுத்த பிள்ளை மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியல் படிக்க ஆசைப்பட்டால் வழியில்லை. காட்டோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நம் பிள்ளைகள், அந்தப் படிப்பு அவர்களுக்கு எவ்வளவு பொருத்தம்! அதே வணிகவியல் பிள்ளை ஐந்தாண்டு சட்டம் தாராளமாகப் படிக்கலாம். இது தெரியாமல், "காமர்ஸ் எடுத்தால் பி.காம். மட்டும்தான்" என்று சோர்ந்து போகிறவர்களும் இருக்கிறார்கள்.

எதிரணி அக்கா நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "பதினான்கு வயதில் என்னவாகப் போகிறோம் என்று யாருக்குத் தெரியும்?" உண்மைதான், தெரியாது. தெரியாத பிள்ளைக்கு நாம் காட்ட வேண்டாமா அக்கா? நம் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் வேலைகள் எத்தனை? டீச்சர், டிரைவர், நர்ஸ், போலீஸ், ஃபேக்டரி வேலை. வெலிங்டன் பக்கம் போனால் பட்டாளம். அவ்வளவுதான். ஆனால் இந்த மலையில் வேறென்னவெல்லாம் இருக்கிறது! குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. அங்கே தடுப்பூசி தயாரிக்கிறார்கள். நுண்ணுயிரியல் படித்தால் என்ன வேலை என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டடத்தைக் காட்டினாலே பாதி பதில். ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் துறையே இருக்கிறது.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970இல் கட்டிய ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் அந்தச் சரிவில் கொண்டுபோய் வைத்தார்கள்? ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 டிகிரி வடக்கே இருக்கிறது. அந்த மலைச்சரிவும் ஏறத்தாழ 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஒரே அச்சில் அதைத் திருப்பிக்கொண்டே வந்தால் போதும், வானில் ஒரு பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து பார்க்கலாம். ஒரு சரிவின் கோணத்தை ஒரு விஞ்ஞானக் கருவியாக்கியிருக்கிறார்கள்! ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில்தான் முக்கோணவியல் முதன்முதலாக வருகிறது. சைன், காஸ், டேன் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பாடத்தை நடத்தும்போது நான் கரும்பலகையில் முத்தோரைச் சரிவைத்தான் வரைகிறேன். "சார், அங்கே வேலை செய்ய என்ன படிக்கணும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், கல்லூரித் தயாரிப்பு தொடங்கிவிட்டது. இதில் பாரம் எங்கே இருக்கிறது?

இங்கே கணக்கு வாத்தியாராக ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். ஒன்பதில் அந்தப் பாடத்தைப் புரியாமல் தாண்டிய பிள்ளை பத்தில் சமாளித்துவிடும். பிளஸ் ஒன் இயற்பியலில் விசையைக் கூறுகளாகப் பிரிக்கும்போது மாட்டிக்கொள்ளும். கணக்கில் பிரச்சினை என்று தெரியாமல், "எனக்கு பிசிக்ஸ் வராது சார்" என்று சொல்லும். நீட் தேர்வில் பிளஸ் ஒன் பாடமும் உண்டு, பிளஸ் டூ பாடமும் உண்டு. இரண்டுக்கும் அடி ஒன்பதிலும் பத்திலும் இருக்கிறது. தேயிலைச் செடியைக் கவாத்து செய்து வெட்டிய மறுநாளே கொழுந்து பறிக்கக் கூடையோடு தோட்டத்துக்கு யாரும் போவதில்லை என்பது இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

சரி, பணத்துக்கு வருகிறேன். எதிரணி இதைத் தொடவே இல்லை. ஊரகப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கென்றே ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். பன்னிரண்டு முடியும் வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய். தொகை சிறியதுதான். ஆனால் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளைத் தாண்டி, ஒரு போட்டித் தேர்வு அறையில் உட்கார்ந்து பழகும் வாய்ப்பு பெரிது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. 1,000 பேருக்கு, பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன், மாதம் 1,000. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தோம் என்று பார்க்கிறார்கள். ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கு ஒன்பதை விட்டால் இன்னொரு முறை எழுத வழியில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். தமிழ் வழியில் படித்த பிள்ளை கல்லூரியில் முதல் மாதம் திணறும். ஒன்பதிலிருந்து தினமும் ஒரு பக்கம் ஆங்கிலம் வாசித்தால் அந்தத் திணறல் பாதி போய்விடும். நூலகத்துக்கு அனுப்புங்கள், போதும்.

"ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எதிரணியில் மூவருமே சொன்னார்கள். நடுவர் அய்யா, பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். இந்த மலையில் மே எப்படிப்பட்ட மாதம்? ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி, இங்கே நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி. அப்பா டாக்சி ஓட்டுகிறவர் என்றால் வீட்டுக்கு வர நடுராத்திரி ஆகும். அம்மா லாட்ஜிலோ கடையிலோ வேலை என்றால் லீவு கிடையாது. வருடத்துக்கே சம்பாதிக்கும் மாதம் அது, குறை சொல்ல முடியாது. அதே மாதத்தில்தான் பொறியியலுக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் ஆன்லைன் விண்ணப்பம். அதே மாதத்தில்தான் இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வரிசை நிற்கிறது. அப்புறம் ஜூன், ஜூலை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழை கொட்டும், மரம் விழும், கரண்ட் போகும். பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தி உறுதி செய்யச் சில நாள்தான் தருகிறார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எவ்வளவு கட்டணம் என்று முன்பே ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் பிள்ளை, கரண்ட் வந்த அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். எழுதி வைக்காத பிள்ளை பிரவுசிங் சென்டரில் யாரோ சொன்ன கல்லூரியைப் போட்டுவிட்டு வரும். கீழே இருப்பவர்களுக்கு அந்த மே மாதம் போதலாம். நமக்குப் போதாது.

சாதிச் சான்றிதழ் நிரந்தரமானது, ஒன்பதிலேயே வாங்கி வைக்கலாம். பெயரையும் அப்போதே சரிபார்த்துவிடலாம். ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் வேறு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பெயரைத் திருத்துவது பெரிய அலைச்சல். அது அச்சாவதற்கு முந்தைய ஆண்டிலேயே மூன்றையும் மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, "படிக்காத பெற்றோர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்கள், இது வசதியுள்ளவர்களுக்கான பேச்சு" என்று எதிரணியில் சொன்னார்கள். எனக்கு வலித்த வாதம் இதுதான், ஏனென்றால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. வசதியுள்ள வீட்டில் எல்லாவற்றையும் விசாரித்துச் சொல்ல சித்தப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார். கடைசி மாதத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் பணம் கட்டிச் சேர்ந்துவிடுவார்கள். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த இரண்டாவது வழி கிடையாது. அந்தப் பிள்ளைக்கு இருப்பது காலம் ஒன்றுதான். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, முழுதாக நான்கு வருடம். அதில் மூன்றரையைப் பேசாமல் கழித்துவிட்டுக் கடைசி மாதத்தில் ஓடச் சொல்கிறது எதிரணி.

அம்மாக்களே, நீங்கள் கைடு வாங்க வேண்டாம், எங்கேயும் பணம் கட்டவும் வேண்டாம். ஒரு நாள் பள்ளிக்கு வாருங்கள். "என் பிள்ளை ஒன்பது படிக்கிறது. பிளஸ் ஒன்னில் என்னென்ன குரூப் பக்கத்தில் எங்கே இருக்கிறது, எதை எடுத்தால் என்ன படிக்கலாம், இப்போது எழுத வேண்டிய தேர்வு எது?" என்று கேளுங்கள். எங்களுக்குத் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்வோம், அது எங்கள் வேலை. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் உயர்கல்வி வழிகாட்டுதல் பள்ளிக்கே வந்திருக்கிறது, கேட்க நீங்கள் வாருங்கள். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடும் இடமாகப் பள்ளியை நினைக்காதீர்கள். கொழுந்து எடுக்கும் உடையிலேயே வாருங்கள், நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவோம்.

தீர்ப்பை எங்கள் அணிக்குத் தர வேண்டுமென்று நடுவர் அய்யாவைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.